பதினேழாம் எண் சதை

ராக்கியப்பனின் வலத்தோளை விட்டுச் சதை வெளியேறிய செய்தி அவனுக்கு எட்டுவதற்கு முன்பே அத்திக்காட்டுப்புதூர் வெல்ல மண்டிக்கு எட்டிவிட்டது. ஏனென்றால் அந்தச் சதை நேராக அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

முப்பது கிலோ வெல்லத்தைச் சாக்கில் வைத்துத் தைத்தால் அது ஒரு சிப்பம். மூன்று சிப்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக முதுகில் ஏற்றிக்கொண்டு, லாரியின் பின்பக்கம் சாத்திய பலகையில் பன்னிரண்டு எட்டு வைத்து ஏறுவது அந்த மண்டியின் வழக்கம். அக்கம்பக்கத்து மண்டிகளில் இரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். அத்திக்காட்டுப்புதூரில் இரண்டு சுமப்பவனை ஆள் என்று யாரும் எண்ணுவதில்லை. இந்த வீம்பை யார் தொடங்கிவைத்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது, விட்டுக்கொடுக்கவும் ஒருவருக்கும் மனம் வராது. அப்படி மூன்றோடு ஏறுகையில், ஐப்பசி மழையில் ஊறியிருந்த பலகையின் ஒன்பதாம் எட்டில் ராக்கியப்பனின் கால் வழுக்கியது. அவன் கீழே விழ, அவன்மேல் மூன்று சிப்பங்களும் விழுந்தன. தோள்பட்டையும் மேற்கையும் நொறுங்கின. இரும்புத் தகடு வைத்து, கட்டுப் போட்டு, பிரித்து, மறுபடி போட்டு, ஆக மொத்தம் இருபது மாதம் அவன் ஒரு செம்புத் தண்ணீரைக்கூட வலக்கையால் தூக்கவில்லை.

கடைசிக் கட்டை அவிழ்த்த நாளில் அந்தக் கை முருங்கைக்காய் போலத் தொங்கியது. "வேலை செய்யாத சதை கரைஞ்சு போகுமுங்க. மெல்ல மெல்லத் தூக்கிப் பழகுனா மறுபடி வந்துரும்" என்றார் மருத்துவர். அவர் சொன்னதில் பின்பாதி உண்மை. முன்பாதியில் ஒரு பிழை இருந்தது. சதை கரையவில்லை. வாரத்துக்கு ஒரு கைப்பிடி அளவில், கட்டுத் துணியின் இடுக்கு வழியே நழுவி, வாசலைத் தாண்டி, வாய்க்கால் கரையோரமாக ஒன்றரை மைல் ஊர்ந்து, மண்டியின் எடைமேடைக்குப் பக்கத்தில், சுமைக்கும் சுமைக்கும் இடையே அவன் சாய்ந்து மூச்சு வாங்கும் கல்தூணில் ஏறி ஒட்டிக்கொண்டது. முதலில் தோள் போயிற்று, பிறகு முதுகு, படுத்தே கிடந்ததால் தொடைகளும் பின்தொடர்ந்தன.

அதை முதலில் கண்டவள் பழனாத்தாள், சிப்பம் தைக்கும் பெண்களுக்கெல்லாம் மூத்தவள். யாரோ வாங்கிய கறியை மறந்து வைத்துவிட்டுப் போனார்கள் என்று நினைத்து, நாய்க்கு எட்டாதபடி அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு லாரியின் பின்கதவு தடாலென்று இறங்கியது. கூடைக்குள் இருந்தது விறைத்து உருண்டு மேலெழும்பி, கூடையையே தள்ளிவிட்டது. வையாபுரி மேஸ்திரி குனிந்து பார்த்தார். லாரிக் கதவு இறங்கும் சத்தத்துக்கு அப்படி விறைக்கும் தோள் அந்த மண்டியில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. "அட, நம்ம ராக்கியப்பனோடது" என்றார். "பாவம், சும்மா ஊட்டுல கெடக்கப் புடிக்கல போல." வியப்பு என்று ஏதேனும் இருந்தால் அது அவ்வளவோடு முடிந்தது.

அதன்பின் மண்டி அந்தச் சதையோடு வாழப் பழகிக்கொண்டது. அது வாரந்தோறும் பருத்தது; ஆறு மாதத்தில் கன்றுக்குட்டி அளவானது; தோலில்லாமல் செக்கச்செவேலென்று, வெதுவெதுப்பாக, எப்போதும் ஈரமாக, மூச்சு விடுவது போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு சிப்பத்தை வைத்து "தூக்கு" என்றால், ஆள் தோளுயரத்துக்கு உயர்த்திக் கொடுத்தது. "எறக்கு" என்றால் இறக்கியது. யார் சொன்னாலும் செய்தது. சிப்பம் தைக்கும் பெண்கள் அதில் தூக்குவாளியை மாட்டினார்கள். கிழவர்கள் மூட்டுவலிக்கு இதமாக முழங்காலை அதில் அழுத்திக்கொண்டு வெயில் காய்ந்தார்கள். டீக்கடை நடேசன் எரிவாயு உருளையை அதன் முதுகில் வைத்தான். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளைக்கு நடை வரட்டும் என்று பிள்ளையின் காலை அதில் தேய்த்தார்கள், தேய்த்த கையோடு அதற்கு ஒரு பொட்டும் வைத்தார்கள். வெற்றிலை போடுகிறவர்கள் விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை அதில் துடைத்தார்கள், வெற்றிலை போட்டவர்கள் துப்ப வேறு இடம் தேடாமல் அங்கேயே துப்பினார்கள். வெல்லத்தூளும் வியர்வையும் குங்குமமும் எச்சிலும் ஒன்றாய்ப் பிசைந்து அதன்மேல் ஒரு பிசுக்குப் படிந்தது, பிசுக்கின்மேல் ஈ மொய்த்தது, ஈயின்மேல் எறும்பு ஏறியது, ஆனாலும் எடைமேடைப் பக்கம் போகிறவர் ஒருவர்கூடப் போகிற போக்கில் அதை ஒரு தட்டுத் தட்டாமல் போவதில்லை.

காலையில் மேஸ்திரி வரிசையாக எண்களைக் கூப்பிடுவார். சுமை தூக்குவோர் சங்கத்தில் ஒவ்வொருவனுக்கும் ஓர் எண்; எண் உள்ளவனுக்கு மட்டுமே அந்த மண்டியில் சுமை; ஆறு மாதம் பதில் இல்லையென்றால் எண் வெளியில் காத்திருப்பவனுக்குப் போய்விடும். "பதினேழு" என்று கூப்பிட்டபோது தூணிலிருந்து ஈரமாக ஒரு 'தப்' சத்தம் வந்தது. முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் நாள் மேஸ்திரி குறித்துக்கொண்டார். பிறகு ஒருநாள்கூட அந்தச் சத்தம் தவறவில்லை. அதற்குக் கூலி வாங்கக் கையில்லை என்பதால் அது கூலி கேட்கவில்லை; மண்டி முதலாளிகளுக்கு அதன்மேல் பிரியம் வளர்ந்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இருபது மாதம் கழித்து, ஆனி மாதத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை, ராக்கியப்பன் மண்டிக்குள் நுழைந்தான். தூணைப் பார்த்தான். அவனுக்கு அதை யாரும் சொல்லித் தெரியவேண்டியிருக்கவில்லை. தன் உடம்பைத் தெருவில் வைத்துப் பார்த்தால் எவனுக்கும் தெரியும். அதன் ஓரத்தில் யாரோ பீடியை அணைத்திருந்தார்கள்.

"வாப்பா ராக்கியப்பா" என்றார் மேஸ்திரி. "கை எப்புடி இருக்குது?"

"வந்துருச்சுங்க. மெல்லத் தூக்கிப் பழகுனா ஆவணிக்குள்ள சரியாயிருமுங்க. என்ற நம்பர் இருக்குதுங்களா?"

"இருக்காம? பதினேழு ஒரு நா லீவு போட்டதில்லயே."

"நான் இன்னைக்குத்தானுங்க வர்றேன்."

மேஸ்திரி வாயால் சொல்லாமல் தாடையால் தூணைக் காட்டினார். பழனாத்தாள் கோணூசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "உன்னையாட்ட அது டீக்குப் போறேன், பீடிக்குப் போறேன்னு எந்திரிச்சுப் போறதில்ல ராக்கியப்பா. வாயும் இல்ல. ஆம்பளைங்கள்ல அப்படி ஒண்ணு அமையறது அருமை."

பெண்கள் சிரித்தார்கள். நடேசன் டீயோடு வந்தான். "தப்பா நெனைக்காதீங்கண்ணா. நீங்க இல்லாத கொறையே எங்களுக்குத் தெரியலீங்க" என்று உண்மையான அன்போடு சொன்னான்.

அன்று மாலை சங்கம் கூடியது. ஓர் எண்ணுக்கு இரண்டு உடம்பு கிடையாது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. இந்தப் பக்கம், இருபது மாதம் வராதவன். அந்தப் பக்கம், ஒருநாளும் தவறாதது. பேசிப் பேசிக் கடைசியில் மேஸ்திரி முடிவு சொன்னார்: ஆடிப் பதினெட்டு அன்று ராக்கியப்பன் மூன்று சிப்பம் எடையை முதுகில் ஏற்றிப் பலகையில் பன்னிரண்டு எட்டும் ஏறிக் காட்டவேண்டும்; காட்டினால் எண் அவனுக்கு; இல்லையென்றால் எண் தூணில் இருப்பதற்கே, இனி அவன் அந்த வாசலை மிதிக்க வேண்டியதில்லை. நாற்பது நாள் இருந்தது. ராக்கியப்பனுக்கு நாற்பத்து நான்கு வயது. வேறு எந்தத் தொழிலும் தெரியாது. வெளியில் காத்திருந்த ஒன்பது பேரில் ஒருவனுக்கும் முப்பது தாண்டவில்லை.

மறுநாள் காலையிலேயே தொடங்கினான். கால்சிப்பம் வெல்லத்தைப் பழைய சாக்கில் கட்டி, வீட்டுக்குப் பின்னால் கரும்புக்காட்டு வரப்பில் வைத்து, குனிந்து, தூக்கி, இறக்கினான். பத்து முறை தூக்கியதும் தோள் தீயாய் எரிந்தது. நான்காம் நாள், பன்னிரண்டாம் முறை தூக்கும்போது, வரப்பின் புல்லை விலக்கிக்கொண்டு கைமுட்டி அளவில் ஒரு துண்டு வந்தது. ஒன்றரை மைல் மண்ணும் வேப்பிலைச் சருகும் யாரோ கடித்துத் துப்பிய பாக்கும் அதில் ஒட்டியிருந்தன. பழகிய வெல்லத்தின் மணத்தையும் சாக்கின் மணத்தையும் பிடித்துக்கொண்டு அது பழைய வழியே வந்தது. அவன் காலில் ஏறி, முதுகில் ஏறி, நாய் நக்குவது போல ஈரமாகத் தோளைத் தடவி, தோலுக்கு அடியில் நுழைந்து படுத்துக்கொண்டது. ராக்கியப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். திறந்து, சாக்கைத் தொட்டான். அது பஞ்சுபோல மேலே வந்தது.

ஒரு மணி நேரம் அவன் மகிழ்ச்சியாக இருந்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முழு ஒரு மணி நேரம். பிறகு வாயில் ஒரு சுவை வந்தது: இன்னொருவன் மென்ற வெற்றிலையின் சுவை. வாய் கொப்பளித்தான், அது உள்ளே தோளிலிருந்து வந்துகொண்டிருந்தது. முன்பின் தெரியாத கிழவர்களின் முழங்கால் தைல வாடையும் பச்சைப் பிள்ளையின் மூத்திர வாடையும் அக்குளிலிருந்து எழுந்தன. மத்தியானம் அவன் மனைவி தெய்வாத்தாள் களியும் கீரையும் போட்டு எதிரே உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டில் கட்டிலை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். யாரோ "தூக்கு" என்றார்கள். ராக்கியப்பனின் வலக்கை, வாய்க்குக் கொண்டுபோன களியோடு, தலைக்குமேல் உயர்ந்தது. அவன் இறக்கப் பார்த்தான், இறங்கவில்லை. களி உருண்டு அவள் மடியில் விழுந்தது. "எறக்கு, எறக்கு" என்றது அந்த வீட்டுக் குரல். அப்போதுதான் கை இறங்கியது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இன்னொருக்கா சொல்லிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டாள் தெய்வாத்தாள்.

"வேண்டாம் தெய்வா."

"தூக்கு" என்றாள், மிக மெதுவாக. கை எழுந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராக்கியப்பன் கொல்லைக்கு ஓடி, தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தான். கூலிக்கு அவன் இருபத்தாறு வருடம் சுமந்திருக்கிறான், சொன்னவர்களுக்கெல்லாம் சுமந்ததில்லை. இப்போது அவன் தோளுக்குள், எவன் வாய் திறந்தாலும் எழுந்து நிற்கும் ஒன்று படுத்திருந்தது. மிச்சமும் வந்து சேர்ந்தால் எண் கிடைக்கும். எண் கிடைத்தபின் அந்த உடம்பை மண்டி முழுவதும் வாயாலேயே ஆட்டிவைக்கும்.

சும்மா இருந்தால் போகும் என்பது அவனுக்குத் தெரிந்த வித்தை. பாயில் படுத்தான், ஐந்து நாள் அசையவில்லை, சோற்றைக்கூட அவளே ஊட்டினாள். ஆறாம் நாள் துண்டு சலித்துப்போய் தோளிலிருந்து நழுவி, வாசலைத் தாண்டி, வந்த வழியே ஊர்ந்து போயிற்று. தெய்வாத்தாள் அது போன தடத்தில் சாணி கரைத்துத் தெளித்தாள்.

"முப்பத்தோரு நாள் இருக்குது" என்றான் ராக்கியப்பன். "சாக்கைத் தொட்டா அது வந்துரும். தொடாம எப்புடித் தூக்கிப் பழகறது?"

அவள் சாணி வாளியைக் கீழே வைத்தாள். பிறகு, குழம்புக்குப் புளி போதுமா என்று கேட்கும் குரலில் கேட்டாள்: "நமக்குக் கண்ணாலமாகி எத்தன வருசமாச்சுங்க?"

"பத்தொம்பது."

"அதுல ஒருநாளாவது என்னயத் தூக்கியிருக்கறீங்களா?"

அவன் பாயின் கிழிந்த ஓரத்தை விரலால் மடித்தான்.

"அப்ப அதுக்கு என்ற மணம் தெரியாது" என்றாள் தெய்வாத்தாள். "எந்திரிங்க. என்னயத் தூக்குங்க."

ஐம்பத்தெட்டு கிலோ அவள். முதல் நாள் அவளை ஒரு சாண்கூட உயர்த்த முடியவில்லை. இருவரும் சேர்ந்து கோழிக்கூண்டின்மேல் விழுந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு சாண். ஏழாம் நாள் இடுப்பு வரை. எந்தத் துண்டும் வரவில்லை. வந்ததெல்லாம் வலிதான்: காலையில் எழுந்தால் கழுத்தைத் திருப்ப முடியாத வலி, படி இறங்கினால் தொடை நடுங்கும் வலி. கொள்ளும் கம்பங்கூழும் முட்டையும் அவன் தின்றான். ஒருநாள் தூக்கி, ஒருநாள் ஓய்ந்து, மறுபடி தூக்கினான். புதிதாக முளைத்தது பழையதைப் போலச் செழித்ததல்ல. கயிறு கயிறாக, மெலிந்து, கஞ்சத்தனமாகத்தான் வந்தது. ஆனால் "தூக்கு" என்று பக்கத்து வீட்டார் கத்தினால் அது அசையவில்லை. பதினைந்தாம் நாள் தெய்வாத்தாள் அவன் முதுகில் ஏறி, கையில் ஆட்டுக்கல் குழவியைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டாம் நாள் குழவியோடு சின்ன நெல் மூட்டை ஒன்றையும் சேர்த்துக்கொண்டு, "வாய்க்காலு வரைக்கும் போங்க, அப்படியே துணியும் துவைச்சுட்டு வந்துர்றேன்" என்றாள்.

ஊரில் பேச்சு எழாமல் இருக்குமா. "தோளப் பறிகொடுத்ததும் பொண்டாட்டி மேல ஆசை வந்துருச்சாட்ட இருக்குது" என்று மண்டியில் சிரித்தார்கள். வேறு ஒரு பேச்சும் எழுந்தது, அதில் சிரிப்பில்லை. நடேசன் வீட்டுக்கே வந்தான்.

"அண்ணா, உங்குளுதுதான், இல்லேன்னு சொல்லலீங்க. ஆனா இப்ப அது எல்லாத்துக்கும் பொதுவாயிருச்சுங்க. நீங்க அதைய எடுத்துட்டுப் போயிட்டா நாங்க என்ன பண்றது?"

"எனக்கு அது வேண்டாம் நடேசா."

"வேண்டாமுங்களா?" நடேசனின் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கவும் செய்தது. "ஏனுங்க? நல்லாத்தான இருக்குது?"

அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. ராக்கியப்பனுக்கு அந்தச் சதையைவிட அந்த விளங்காமைதான் அதிகமாகக் குமட்டியது.

ஆடிப் பதினெட்டு அன்று வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்திருந்தது. கோயிலுக்குப் போனவர்கள் போக மற்றவர்களெல்லாம் எடைமேடையைச் சுற்றி நின்றார்கள். கேரளத்துக்குப் போகும் லாரி ஒன்று, மூன்று சிப்பத்துக்கு மட்டும் இடம் விட்டு, பலகை சாத்தி நின்றது. மேஸ்திரி மூன்று சிப்பங்களை அடுக்கினார். ராக்கியப்பன் அவற்றைத் தொடவில்லை. தொட்ட கணத்தில் தூணில் இருப்பது முழுவதும் பாய்ந்து வந்து தனக்குள் புகுந்துகொள்ளும் என்று அவனுக்குத் தெரியும். அது அதற்காகவே தூணை விட்டுப் பாதி விலகி, ஈக்கள் பறக்க, அவன் பக்கமாக எக்கிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி, சங்கம் சொன்னது மூணு சிப்பம் எடைதானுங்களே?"

"ஆமா. தொண்ணூறு கிலோ."

"அது சிப்பமாத்தான் இருக்கோணும்னு இல்லீங்களே?"

மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார். "இரும்பா இருந்தா என்ன, எருவா இருந்தா என்ன. எடை எடைதான்."

தெய்வாத்தாள் கூட்டத்தை விலக்கி வந்து, தன் பழைய நூல்சேலையை எட்டாக மடித்து அவன் பிடரியிலும் தோளிலும் போர்த்தி, முனைகளை அக்குளுக்கு அடியில் முடிந்தாள். அவன் தூணிடம் போனான். இரண்டு கைகளிலும் வாழைமட்டையைச் சுற்றிக்கொண்டு, தூணிலிருந்து அதைப் பிய்த்தான். பலாச்சுளையைச் சடையிலிருந்து இழுப்பது போல, அதைவிட நீளமாக, ஓர் ஓசை வந்தது. எடைமேடையில் வைத்தான். முள் தொண்ணூற்று நான்கில் நின்றது. அதில் எவ்வளவு சதை, எவ்வளவு இருபது மாத எச்சில் என்று பிரித்துச் சொல்ல அந்தத் தராசுக்குத் தெரியாது.

"ஐயையோ, அதையவா?" என்றாள் பழனாத்தாள்.

குனிந்தான். முதுகில் ஏற்றினான். சேலைக்கு மேலே அது வெதுவெதுவென்று பரவி, சட்டென்று ஆளை அடையாளம் கண்டு, தோளைத் தேடியது, கிடைத்ததெல்லாம் தெய்வாத்தாளின் மணம், தடுமாறியது. முதல் எட்டு. இரண்டு. வெல்லச் சாறு கலந்த ஏதோ ஒன்று அவன் காதுமடலில் சொட்டியது. ஓர் ஈ உதட்டில் உட்கார்ந்தது. ஊதித் தள்ளக்கூட அவனுக்கு மூச்சு மிச்சமில்லை. ஐந்து. ஆறு. புதிய சதை கயிறு அறுவது போல நடுங்கியது. கீழேயிருந்து நடேசன், தாங்க முடியாமல், நல்லெண்ணத்தோடுதான், "எறக்கு, எறக்கு!" என்று கத்தினான். முதுகில் இருந்தது கேட்டது. உடனே கனத்துத் தொங்கி இறங்கப் பார்த்தது. ராக்கியப்பனின் தோள் கேட்கவில்லை. ஒன்பதாம் எட்டில் நின்றான். வலக்காலை எடுத்து வைத்தான். பத்து. பதினொன்று. பன்னிரண்டாவதில் முழங்கால் மடங்கியது. மடங்கியபடியே உள்ளே விழுந்து, சுமையை லாரியின் மூலையில் உருட்டிவிட்டு, முடிச்சை அவிழ்த்துச் சேலையையும் அதன்மேலேயே எறிந்தான்.

லாரி ஓட்டுநர் மலையாளம் கலந்த தமிழில் கேட்டான்: "இது என்ன சரக்கு? எங்க எறக்கணும்?"

"நீ எறக்க வேண்டாம்" என்றான் ராக்கியப்பன், பலகையில் இறங்கிக்கொண்டே. "எறங்குன்னு சொல்லு. யாரு சொன்னாலும் எறங்கிக்கும்."

லாரி வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போயிற்று. தூணில் ஆள் உயரத்துக்கு ஒரு கறை இருந்தது. பழனாத்தாள் தூக்குவாளியை வைத்துக்கொண்டு, மாட்ட இடம் இல்லாமல், கறையைப் பார்த்தபடி நின்றாள். மேஸ்திரி தொண்டையைச் செருமி, எண்ணை அவன் பேருக்குக் குறித்துக்கொண்டார். அடுத்த லாரி பின்வாங்கி வந்து நின்றது.

ராக்கியப்பன் வரிசையில் நின்று, முறை வந்ததும் குனிந்து, விழுந்த நாளுக்குப் பிறகு முதல் முழுச் சிப்பத்தைத் தூக்கினான். ஒன்றுதான். இரண்டாவதை அவன் கேட்கவில்லை. மேஸ்திரி அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். பலகையில் கால் வைத்தபோது பிடரியில் ஈரமாக ஏதோ ஊர்ந்து இறங்கியது. உடம்பு முழுவதும் கூச, நின்று, அருவருப்போடு இடக்கையால் வழித்துப் பார்த்தான்.

வெறும் வியர்வை.